சாய்ந்த வரிகளுக்கு அடுத்த பக்கம்

“கல்யாணம் எங்க வருது, நீங்க இடம் விட்டிருக்கிறது எங்க? கண்ணு தெரியுதா இல்லையா மதினி?”

“கண்ணு நல்லாத்தான் தெரியுது தம்பி. கத்தாத. மை சிந்தும்.”

“கல்யாணம் கடைசீல வருது. கடைசீல. தெருவுல அக்ரூட் உருட்டுற பயலுக்குக்கூடத் தெரியும். நீங்க நடுவுல கொண்டுபோயி ஒரு பக்கம் முழுக்க வெள்ளையா விட்டு வச்சிருக்கீங்க.”

“கல்யாணத்துக்கு இடம் விட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?”

இந்தக் கேள்விக்குப் பிறகு முற்றத்தில் சற்று நேரம் சத்தமே இல்லை. அதனால் அதிக வருத்தப்பட்டவர்கள் மாடிகளில் இருந்தவர்கள். ஷீராஸின் புத்தகக்காரர் தெருவில் அன்று மத்தியானம் எல்லா வீட்டு மொட்டை மாடியிலும் ஒரே சமயத்தில் துணி உலர்த்த வேண்டியிருந்தது. துவைக்காத துணியைக்கூட இரண்டு பேர் உதறிப் போட்டார்கள்.

கீழே நின்று கத்தியவன் ருக்னுதீன், படம் எழுதுகிறவன். முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகாதவன். எவ்வளவு கத்தினாலும் அண்ணன் மனைவியை ‘நீங்க’ போட்டுத்தான் கத்துவான். அந்த மட்டில் நல்ல வளர்ப்பு. பத்து வயதிலிருந்து அவனை வளர்த்தவள் அந்த மதினிதான் என்பதால் இதில் அவனுக்குத் தனிப் பெருமை கிடையாது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னவள் துர்தானா. நாற்பத்தோரு வயது. பிரதி எழுதுகிறவள். கணவர் உஸ்தா ஜலால் இறந்து ஆறு வருஷமாகிறது. அவர் கடைசி இரண்டு வருஷம் கை நடுங்கிப் படுத்திருந்தபோது அவர் பெயரில் வெளியே போன புத்தகமெல்லாம் இவள் எழுதியது. வாங்கியவர்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே வித்தியாசம், அந்த இரண்டு வருஷமும் உஸ்தாவின் எழுத்து முன்பைவிட அழகாகிவிட்டது என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். நோய் சிலருக்குக் கையைத் தெளிய வைக்கும் என்று அதற்கு ஒரு ஹக்கீம் விளக்கமும் கொடுத்தார்.

சண்டைக்குக் காரணமான வெள்ளைப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதலில் காகித மண்டி குவாஜா மன்சூரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குவாஜா நல்ல மனிதர்தான். ஐந்து வேளை தொழுவார், பிச்சைக்காரனைத் திட்ட மாட்டார். நகரத்தில் நல்ல காகிதம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் கூலிக்கு ஆள் வைக்கும் இடத்தில் அவர் நிக்காஹ் செய்துகொள்வார். முதல் மனைவி தங்கப் பூச்சு வேலை செய்யும் குடும்பத்துப் பெண்; கல்யாணமான மறு மாதத்திலிருந்து மண்டிப் புத்தகங்களுக்கெல்லாம் ஓரப் பூவேலை வீட்டிலேயே நடந்தது. இரண்டாவது, சகீனா. புத்தகம் கட்டுகிற ஒருவரின் விதவை. ஊசியும் தோலும் அவளோடு சீதனமாக வந்தன. அவருக்கு இன்னும் கிடைக்காமல் இருந்தது எழுதுகிற கை ஒன்றுதான். அது கிடைத்துவிட்டால் ஒரு புத்தகம் முழுவதையும் அவர் தன் வீட்டுப் பெண்களை வைத்தே பெற்றுக்கொள்ளலாம், கூலி என்ற பேச்சே எழாது.

ஆகவே அவர் துர்தானாவைப் பெண் கேட்டார்.

அவள் மூன்று தடவை மாட்டேன் என்றாள். முதல் தடவை ஹம்மாமில், பெண்கள் குளிக்கிற வெந்நீர்க் கூடத்தில், தூது வந்த கிழவியிடம். தலையில் மருதாணியோடு, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். கிழவி போய், “வெட்கப்படுறா” என்று சொன்னாள். இரண்டாவது தடவை ருக்னுதீனிடம். அவன் போய், “யோசிக்கிறாங்க” என்றான். மூன்றாவது தடவை குவாஜாவே வாசலுக்கு வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று அவள் சொன்னதை எதிர்வீட்டுக்காரர்கள் அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

“குவாஜா, எனக்கு இஷ்டமில்ல. எழுத்தும் எனக்கு இருக்கு, வீடும் இருக்கு. போயிட்டு வாங்க.”

“போயிட்டு வான்னு சொல்றீங்களே பீபி, அதுல வான்னு ஒண்ணு இருக்கில்ல.”

“அப்ப போங்க.”

“கோபத்துலகூட என்ன நிதானம்,” என்று சொல்லி அவர் சிரித்துக்கொண்டே போனார்.

விதவையின் மறுப்பு இங்கே மறுப்பாக எண்ணப்படுவதில்லை. நாற்பது நாள் ஊறப் போட்டால் கனிந்துவிடும் என்று அதை எலுமிச்சைபோல நடத்துவார்கள். ருக்னுதீனுக்கு வேறு அவசரம் இருந்தது. மதினி சம்மதித்தால் தன் தங்கை மகளை அவனுக்குத் தருவதாகக் குவாஜா வாக்குக் கொடுத்திருந்தார். பெண்ணை ஒருமுறை மாதுளைக் கடையில் முக்காட்டோடு பார்த்திருந்தான். அதிலிருந்து அவன் வரைந்த இளவரசிகள் எல்லாரும் கையில் மாதுளை வைத்திருந்தார்கள்.

மூன்று மறுப்பும் காதில் ஏறாத குவாஜா, குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு புத்தகம் எழுதச் சொல்லி அறுபது தாள் எண்ணி அனுப்பினார். பளிங்குபோல் தேய்த்த தாள். அறுபதுதான், கெடுத்தால் மாற்றுத் தாள் கிடையாது. எழுத வேண்டியது ‘கெய்வானும் நாஸ்பரும்’ என்ற காதல் காவியம். ஐந்து படம் வேண்டும், ஐந்தாவது கடைசிக் கல்யாணக் காட்சி, அது முழுப் பக்கம். அந்தப் படத்தில் மணப்பெண்ணின் இடது தாடையில் ஒரு மச்சம் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லி அனுப்பினார். துர்தானாவின் இடது தாடையில் மச்சம் இருப்பது ஊர் அறிந்தது. நாரத்தை பூக்கும் காலத்தில் தன் தோட்டத்தில் தொழில்காரர்களை எல்லாம் கூட்டி அந்தப் புத்தகத்தை வாசிக்க வைப்பது, கல்யாணப் படம் வந்ததும் எழுந்து நின்று விஷயத்தை அறிவிப்பது, இவ்வளவுதான் திட்டம். சபை நடுவில் எந்தப் பெண் மறுத்துப் பேசுவாள்?

அந்தக் காவியத்தை எழுதிய பழைய கவியைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அவருக்கு அவசரமே கிடையாது. சூரியன் உதிக்க அவருக்குப் பன்னிரண்டு ஈரடி வேண்டும். அரசன் குதிரையில் ஏற இருபது. அதில் குதிரைக்குப் பதினெட்டு. நாஸ்பரின் கூந்தலில் தொடங்கிக் கணுக்காலுக்கு வருவதற்குள் ஒரு அடுப்பு ரொட்டி சுட்டு முடித்துவிடலாம். இப்படி நாலாயிரம் ஈரடி. அரசன் கெய்வான் அவள் அழகைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஏழு வரிசை ஒட்டகத்தில் பரிசு அனுப்புகிறான். உப்பு ஏரிக் கரையிலிருக்கும் அவள் கோட்டை வாசலில் ஒட்டகங்கள் வந்து நிற்கின்றன. அவள் திருப்பி அனுப்பிவிடுகிறாள். இந்த ஓர் இடத்தில் மட்டும் கவிக்கு என்னவோ ஆகிவிட்டது. வர்ணனை இல்லை, உவமை இல்லை. மொத்தமே ஒன்பது ஈரடி. அதில் கடைசி இப்படி முடியும்:

‘வந்த வழி ஒட்டகங்களுக்குத் தெரியும், ஏழு வரிசையும் திரும்பட்டும்.
என் வாசலை என் கை சாத்தியது. திறப்பதானால் அந்தக் கையே திறக்கும்.’

பிரதி எழுதுகிறவர்கள் எல்லாரும் இதை ஓட்டமாக எழுதிக் கடந்துவிடுவார்கள். இதற்குப் படம் வைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இப்போது தொழில் சங்கதி ஒன்று. படம் எழுதுகிறவனுக்குத்தான் எல்லாப் பேரும் கிடைக்கும் என்றாலும், எந்தக் காட்சிக்குப் படம் என்பதைத் தீர்மானிப்பது எழுதுகிறவர்தான். எழுதிக்கொண்டே வந்து, ஓர் ஈரடிக்குக் கீழே இடம் விட்டால், அந்த ஈரடியில் நடப்பதைத்தான் அங்கே வரைய வேண்டும். அதை மீறக் கூடாது. ஆனால் படம் பக்கத்தின் தலையிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் எழுத வேண்டிய வரியோ குறைவாக இருக்கிறது என்று வையுங்கள். அப்போது எழுதுகிறவர் நாலு பத்தியாக நேரே போகும் வரிகளைச் சாய்த்து எழுதத் தொடங்குவார். சாய்ந்த வரிக்கு இடம் அதிகம் பிடிக்கும். மூலைகளில் பூவேலைக்கும் இடம் கிடைக்கும். முப்பத்தெட்டு ஈரடி போகிற பக்கத்தில் ஒன்பது பத்து ஈரடியை வைத்தே நிரப்பிவிடலாம். அதனால் எங்கள் ஊரில் எழுத்து தெரியாதவனுக்குக்கூட ஒன்று தெரியும். வரி சாய்ந்தால் அடுத்த பக்கம் படம்.

துர்தானா மார்கழிக் குளிரில் கொண்டைக்கடலை வைத்து ஈரடிகளை எண்ணி எண்ணி எழுதினாள். நாலு படத்துக்குக் குவாஜா சொன்ன இடத்திலேயே இடம் விட்டாள். ஒட்டகம் திரும்பும் கட்டம் வந்தபோது எழுதுகோலைக் கீழே வைத்து, ஒரு டம்ளர் காடிச் சர்பத் குடித்தாள் என்று பின்னால் ஹம்மாமில் அவளே சொன்னாள். வாயால் மூன்று தடவை சொன்னது போதவில்லை. பிறகு அந்த ஒன்பது ஈரடியையும் ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்து எழுதி, அடுத்த பக்கத்தை வெள்ளையாக விட்டாள். அதன் முதுகில் தொடர்ந்து கதையை எழுதினாள். கடைசிக் கல்யாணத்தில் இடமே விடவில்லை. ஊர்வலம், விருந்து, பூத்தூவல் எல்லாம் நேரான வரிகளில் போய் முடிந்தது.

“வேற தாள்ல எழுதித் தாங்க மதினி,” என்றான் ருக்னுதீன். இப்போது சத்தம் தணிந்திருந்தது. மாடியில் இருந்தவர்கள் கைப்பிடிச் சுவருக்கு நெருங்கி வந்தார்கள்.

“தாளுக்கு எங்க போறது? அறுபதுதானே எண்ணிக் கொடுத்தாரு உன் குவாஜா.”

“நான் இதுல எதை வரையறது?”

“மேல என்ன எழுதியிருக்கோ அதை வரை. கோட்டை. சாத்தின கதவு. ஒட்டகத்தோட பின்பக்கம். ஒட்டகத்துக்குப் பின்பக்கம் வரைய உனக்கு வராதா?”

“அவரு என்ன சொல்வாரு?”

“அவருக்குச் சொன்னதுதான் அது.”

“எனக்கு அந்தப் பொண்ண கொடுக்க மாட்டாரு.”

இவனுக்காகத் துர்தானா வருத்தப்பட்டாள் என்பது உண்மை. வருத்தத்தோடு எழுந்து, உலர வைத்திருந்த மற்றத் தாள்களைத் திருப்பிப் போட்டாள்.

“தம்பி, உனக்குப் பொண்ணு வேணும்னா நான் போயி நாலு வாசல்ல கேக்குறேன். என்னைக் கொடுத்து வாங்கிக்காத. நான் மாதுளை இல்ல.”

மாதுளை விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. காது சிவக்கத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த இருபது நாள் அவன் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தான். முடித்துக் கொண்டுவந்து காட்டியபோது, ஐந்தாவது படம் கல்யாண விருந்தாக இருந்தது. என்ன அழகு என்கிறீர்கள். கம்பளம், மெழுகுவர்த்தி, தம்பூர் வாசிக்கிறவள், நடுவில் மணப்பெண், இடது தாடையில் கடுகளவு மச்சம். ஒட்டகம் ஒன்றுகூட இல்லை. எதிர்ப் பக்கத்தில் சாய்ந்த வரிகள், என் வாசலை என் கை சாத்தியது என்று சொல்லிக்கொண்டிருந்தன.

துர்தானா நெடுநேரம் பார்த்தாள்.

“எதிர்ல இருக்கிறதப் படிச்சிட்டுத்தான் வரைஞ்சியா?”

“படம் பாக்குறவன் வரியை எங்க பாக்கப் போறான்? குவாஜாவுக்குத் தாளோட கனம் தெரியும், பளபளப்பு தெரியும். கவிதை தெரியாது. மச்சத்தைப் பாத்ததும் எழுந்திருவாரு. அவ்வளவுதான்.”

“சபையில அவரு ஒருத்தர்தான் உக்காந்திருப்பாரா?”

“எல்லாரும் சோறு திங்க வர்றவங்க மதினி.”

“சரி தம்பி. உன் கை, உன் படம்,” என்றாள். அவள் தடுத்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். இருபது நாள் வேலையைப் பார்த்துவிட்டு எப்படித் தடுப்பாள் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டி வைத்திருக்கிறேன்.

புத்தகம் கட்டுவதற்கு மண்டிக்குப் போயிற்று. குவாஜாவின் வீட்டுப் பின்கட்டில் சகீனா தைத்துத் தோல் போட்டாள்.

நாரத்தை பூத்தது. குவாஜாவின் தோட்டத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பளம் விரித்தார்கள். எழுதுகிறவர்கள், படக்காரர்கள், பூவேலைக்காரர்கள், மை காய்ச்சுகிறவர்கள் என்று நாற்பது ஆண்கள். மரங்களுக்கிடையில் கட்டிய திரைக்குப் பின்னால் பெண்கள். முட்டைக்கோஸ் புலவில் இறைச்சி உருண்டைகள் தாராளமாக இருந்தன. அதைக் குறையாகச் சொல்ல வாயில்லை. துர்தானா வரமாட்டாள் என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். அவள் நல்ல பச்சைச் சட்டை போட்டு வந்து, திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தாள். சகீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வாசிக்க வந்தவர் முல்லா ஷம்ஸ். குரல் தேன், கண் மட்டும் கொஞ்சம் மங்கல். சுற்றி உட்கார்ந்தவர்கள் பார்ப்பதற்காகப் பக்கத்தை அவ்வப்போது தூக்கிக் காட்டுவார். குதிரைக்குப் பதினெட்டு ஈரடி போயிற்று. கூந்தல், புருவம், கழுத்து எல்லாம் போயிற்று. நாலு படமும் வந்தது, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்கள். குவாஜா புதுத் தலைப்பாகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கல்யாணத்துக்குக் காத்திருந்தார். அப்போது முல்லா பக்கத்தைத் தூக்கினார். வரிகள் சாய்ந்திருந்தன. மூலையிலிருந்து மூலைக்கு, பக்கம் முழுக்க.

நாற்பது பேரும் முன்னால் நகர்ந்தார்கள்.

“பெரிய படம் வருது,” என்றார் ஒரு மைக்காரர்.

“இந்த இடத்துலயா? இங்க ஏது படம்?” என்றார் பக்கத்தில் இருந்த கிழ எழுத்தர் ஒருவர். அவர் இந்தக் காவியத்தை வாழ்க்கையில் ஒன்பது தடவை எழுதியவர்.

முல்லா வாசித்தார். ஒன்பது ஈரடி. ஒட்டகங்கள் நின்றன, நாஸ்பர் மதில் மேல் வந்தாள், வாசலைச் சாத்தினாள். கடைசி ஈரடியைத் தன் வழக்கப்படி இரண்டு தடவை, இரண்டாவது தடவை இன்னும் உருக்கமாகச் சொன்னார். பிறகு எதிர்ப் பக்கத்தின் மேல் மூடியிருந்த பட்டுத் துணியை விலக்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

கல்யாண விருந்து. தம்பூர். மச்சம்.

குவாஜா மச்சத்தைக் கண்டார், எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார். “சகோதரர்களே,” என்றார்.

முதலில் சிரித்தது திரைக்குப் பின்னால் சகீனா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருந்தது, அந்தப் படத்தைத் தைக்கும்போதே பார்த்தும் இருந்தாள். பிறகு கிழ எழுத்தர். பிறகு அடக்க முடியவில்லை. “மாட்டேன்னவளுக்கு விருந்தா,” என்றார் ஒருவர். “கதவைச் சாத்தினதும் சோறு போட்டாச்சு,” என்றார் இன்னொருவர். “படத்தோட வரி சண்டை போடுது பாரு.” எங்கள் தொழிலில் ஒரு படக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கை கோணினால் மன்னிப்பார்கள், குதிரைக்கு ஐந்து கால் போட்டால்கூட மன்னிப்பார்கள். எழுதியிருப்பதற்கு மாறாக வரைந்தால் மாட்டார்கள். ருக்னுதீன் கம்பளத்தின் பூவை எண்ணிக்கொண்டிருந்தான்.

குவாஜாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபத்தைக் காட்டாமல் சிரித்தார். கெட்டிக்காரர்.

“பொம்பள கை. எண்ணிக்கையில பிசகிட்டாங்க. இடம் தப்பா விட்டுட்டாங்க, பாவம். அதனால என்ன, நான் சொல்ல வந்தது வேற.”

“எழுத்து சரியாத்தான் இருக்கு குவாஜா,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். சத்தமாகக்கூட இல்லை. “படம்தான் தப்பு.”

நாற்பது தலையும் திரைப் பக்கம் திரும்பின.

முல்லா ஷம்ஸ் சமாதானப் பிரியர். யார் வீட்டுச் சாப்பாடோ அந்த வீட்டுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று நினைப்பவர். “பீபி, எல்லாப் புத்தகத்துலயும் கடைசியில எழுதினவங்க மன்னிப்புக் கேப்பாங்க இல்லையா,” என்று அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். ‘எழுதியது பாவியும் எளியனுமான இந்த அடிமை, பிழை கண்டால் பெரிய மனதால் மறைத்துவிடுங்கள்’ என்று எல்லாரும் எழுதுவதுதான். அதை வாசித்துவிட்டால், பார்த்தீர்களா, மன்னிப்புக் கேட்டாயிற்று, புலவு ஆறுகிறது என்று முடித்துவிடலாம். கண்ணருகே வைத்து, குரலை எடுத்து, யோசிக்காமல் வாசித்தும் விட்டார்:

“‘இதை எழுதியவள் துர்தானா. நாலாயிரம் ஈரடியும் எண்ணி எழுதினாள். எங்கே இடம் விட்டாளோ அறிந்தே விட்டாள். இதில் மறைத்துவிடும்படி கேட்க ஒரு பிழையும் இல்லை.’”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கிழ எழுத்தர் புத்தகத்தை முல்லாவின் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தைத் தானே ஒருமுறை படித்து, மரியாதையாக மூடி, கம்பளத்தில் வைத்தார். குவாஜா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் துர்தானா தன் தட்டிலிருந்த புலவைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். சகீனா தன் இறைச்சி உருண்டைகளையும் அவளுக்கு எடுத்துப் போட்டாள் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ருக்னுதீன் வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னை அழிச்சிட்டீங்க மதினி.”

“நான் விட்ட இடத்துல சாத்தின கதவை வரைஞ்சிருந்தா, இன்னைக்கு ஊரே உன் கையைப் பிடிச்சுப் பாராட்டியிருக்கும். யாரும் வரையாத படம் அது. உனக்குத்தான் கொடுத்தேன்.”

அவள் அவனுக்கு ரொட்டியும் தயிரும் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளே மண்டியிலிருந்து உத்தரவு வந்தது. அந்த வீட்டுக்கு இனி ஒரு தாள் கிடையாது. மற்றக் கடைக்காரர்களும் குவாஜாவுக்குப் பயந்து கையை விரித்தார்கள். சமாதானம் பேச ஹம்மாம் கிழவி வந்தாள்.

“ஒரு வார்த்தை, மன்னிச்சிருங்கன்னு சொல்லும்மா. தாள் இல்லாம எழுத்துக்காரி என்ன செய்வா?”

“எழுதாம இருப்பா. மன்னிப்பு எழுதுறதைவிட அது சுலபம்.”

ஒன்பது வாரம் அவள் எழுதவில்லை. பருப்புக் கஞ்சியும் வெங்காயமும்தான். கணவரின் நல்ல சட்டையை விற்றாள். எழுதுகோல் பெட்டியை விற்கச் சொன்னவனை வாசலோடு அனுப்பினாள். பத்தாவது வாரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. பன்னீர் வியாபாரியின் மனைவி ஒரு நாள் முக்காட்டுக்குள் எட்டுத் தாள் கொண்டுவந்தாள். கணவர் பெயரைச் சொல்லிக் குவாஜாவின் மண்டியிலேயே வாங்கிய தாள்.

“அந்த ஒட்டகம் திரும்புற கட்டம் மட்டும் எழுதித் தா. சாய்ச்சு எழுது. படம் வேண்டாம், வெள்ளையாவே விட்டுரு.”

“வெள்ளைப் பக்கத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?”

“எங்க வீட்டுக்காரர் பாக்குற இடத்துல திறந்து வைப்பேன்.”

அதன் பிறகு செருப்புக் கடைக்காரர் வீட்டம்மா. பிறகு காஜியின் மருமகள். அந்தப் பருவத்தில் ஷீராஸின் கணவர்கள் எதற்கு இவ்வளவு நல்ல காகிதம் வாங்குகிறார்கள் என்று மண்டியில் யாருக்கும் விளங்கவில்லை. விற்பனை கூடியதில் குவாஜா மகிழ்ந்தார் என்று கேள்வி.

அந்தப் புத்தகத்தை அவர் கொளுத்தவில்லை. நல்ல தாளைக் கொளுத்த அவருக்கு மனம் வராது. மணப்பெண்ணின் மச்சத்தை மட்டும் கத்தியால் சுரண்டச் சொன்னார். சுரண்டியவன் கொஞ்சம் அழுத்திவிட்டான். மச்சம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டையோடு ரூம் தேசத்துத் துருக்கி வியாபாரி ஒருவருக்கு விற்றார். கடைசிப் பக்கத்தைச் சுரண்ட யாருக்கும் தோன்றவில்லை. அது எந்த ஊரில் யார் கையில் இருக்கிறதோ, அவள் பெயரும் அங்கே இருக்கிறது.

மற்றது எல்லாரும் கேட்பதுதான், சொல்லிவிடுகிறேன். ருக்னுதீனுக்கு அந்தப் பெண் கிடைக்கவில்லை. அவளை ஒரு சோப்பு வியாபாரிக்குக் கொடுத்தார்கள், மூன்று பிள்ளைகள். அவன் மதினியிடம் சொல்லிக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த உலர்ந்த அத்திப்பழ மூட்டையோடு, ஹோர்மூஸில் கப்பலேறிக் கோல்கொண்டாவுக்குப் போனான். அங்கே நல்ல பேர் என்கிறார்கள். வரைவதற்கு முன்னால் மேலே உள்ள வரியைப் பக்கத்தில் ஒருவரை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பானாம். குவாஜா மூன்றாவதாக இஸ்ஃபஹானிலிருந்து ஓர் எழுத்தரின் விதவையைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் அவளுக்கு எழுதத் தெரியாது என்பது தெரிந்தது. கேட்டால், யாரும் என்னைக் கேக்கலையே என்றாளாம். சகீனா அந்த வருஷமே தனக்குச் சேர வேண்டிய மணத்தொகையான மஹரை விட்டுக்கொடுத்து, விடுதலை வாங்கிக்கொண்டு, ஊசியும் தோலுமாகத் துர்தானாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

துர்தானா மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். இதுதான் எங்கள் தெருவால் இன்னும் செரிக்க முடியாதது. நஜஃப் என்று, தெற்கே லார் நகரத்துப் பாதையில் கோவேறு கழுதை ஓட்டுகிறவன். துறைமுகத்திலிருந்து இந்துஸ்தானத்துக் காகிதத்தை நேரே அவள் வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கியவன். எழுத்து வாசனையே கிடையாது, அவளைவிட நாலு வயது இளையவன். கேட்டது அவன் இல்லை, அவள். நிக்காஹ் பத்திரத்தை அவளே எழுதினாள். எழுதுகிற கூலி எழுதுகிறவளுக்கு, எழுதியதில் பெயரும் அவளுக்கு என்று முதல் வரியிலேயே போட்டாள். காஜி அதைப் படித்துக் காட்டியபோது நஜஃப், “இதையெல்லாம் எழுதணுமா, அதானே நியாயம்,” என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்தான். அடுத்த வசந்தத்தில் மூன்று பேரும், சகீனாவையும் சேர்த்து, லாருக்கே குடிபோய்விட்டார்கள்.